எங்கள் வீட்டிலிருந்து ஸ்காட்லாந்துக்கு

கிளாஸ்கோ,
9 மே 1881

அன்புள்ள அண்ணன் சாண்டிக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் இருமல் நின்றதா? இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது எதையும் விழுங்காதே. நான் நாடகக் கொட்டகையில் ஆடுகிறேன் என்று எழுதினால் நீ தையல் கடையில் வேலை என்று வாசிக்கிறாயாம். யூவிங் வீட்டு அக்கா சந்தைக்கு வந்தபோது சொல்லிச் சிரித்தாள்.

செய்தி இதுதான். போன சனிக்கிழமை எடின்பரோவில் ஸ்காட்லாந்துப் பெண்களும் இங்கிலாந்துப் பெண்களும் கால்பந்து ஆடினோம். நமக்கு மூன்று கோல், அவர்களுக்கு ஒன்றுமில்லை. இடது ஓரத்தில் ஆடிய 'மிஸ் வயலெட்' நான்தான். நம் குடும்பப் பெயர் அழுக்காகிவிடும் என்று நீ குதிப்பாய் என்பதால் அந்தப் பெயர்.

கொட்டகை மேலாளர்தான் ஆள் சேர்த்தார். முழங்கால் வரைக்கும் கால்சட்டை, நீலச் சட்டை, குதிகால் உயர்ந்த பூட்ஸ். "குதிகால் எதுக்குங்க?" என்று கேட்டேன். "இல்லேன்னா வேஷம் போட்ட பசங்கன்னு ஜனங்க நினைச்சுக்குவாங்கம்மா" என்றார். பாதி ஆட்டத்தில் அதைக் கல்லில் தட்டி உடைத்துவிட்டு ஆடினேன். இன்றைய செய்தித்தாளில் எங்கள் இடுப்புப் பட்டையைப் பற்றி ஒரு பத்தி, கோல்களைப் பற்றி ஒரு வரி.

இங்கிலாந்தின் கோல் காவல்காரி லிஸியும் நானும் கொட்டகை விடுதியில் ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம். ஆனாலும் களத்தில் அவள் முட்டியை நானும் என் முட்டியை அவளும் பெயர்த்துக்கொண்டோம்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். பதினைந்து வயதிலிருந்து ஸ்காட்லாந்துச் சட்டைக்கு ஏங்குகிறவன் நீ. வீட்டில் அதை முதலில் போட்டது நான்.

உன் தங்கை,
எஃபி

---

ரென்டன்,
12 மே

எஃபிக்கு,

உன் கடிதத்தை விழுங்காமல் வாசித்தேன். சன்னல் திறந்திருந்தது. சாயந்தரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சாயப்பட்டறையில் தொட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டாம் கோஹூன். எங்கள் கால்பந்துக் குழுவில் வலது ஓரம் ஆடுகிறானே, அவன்தான். இருபது பேர் கேட்கும்படி கேட்டான். "டேய் சாண்டி, உங்க வீட்ல ஸ்காட்லாந்துக்கு ஆடினது யாருன்னு கேட்டா உங்கம்மா யாரைடா காட்டுவாங்க?" மேஸ்திரி கூடச் சிரித்தார். ஒரு நாள் முழுக்க நான் 'மிஸ் வயலெட்டோட அண்ணன்'.

நம் பள்ளத்தாக்கு ஊர்களில் ஆட்டக்காரன் என்று எனக்கொரு பெயர் இருக்கிறது. அடுத்த மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு என் பெயரைச் சொல்லியனுப்புவதாகக் குழுச் செயலாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆயிரம் ஆண்களுக்கு முன்னால் காலைக் காட்டிக்கொண்டு ஓடுகிற தங்கை எனக்கு வேண்டாம். இந்தக் கூத்தை விட்டுவிட்டு வருவதானால் வா. இல்லையென்றால் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே. அப்பா இல்லாத வீட்டில் இதைச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

சாண்டி

பி.கு.: ஒரே ஒரு சந்தேகம். மூன்று கோலும் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து அடித்ததா, இல்லை இங்கிலாந்துக்காரர்கள் மாதிரி ஆளாளுக்குத் தனியாக உருட்டிக்கொண்டு போனீர்களா? அம்மா, உனக்குக் குளிரவில்லையா என்று கேட்கச் சொல்கிறாள்.

---

கிளாஸ்கோ,
14 மே

அண்ணா,

என் கால்களைப் பற்றி நீ பேசியது நல்லதாயிற்று. அவற்றைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

அதே சாயப்பட்டறையில் நான்கு வருடம் நின்றேன். காலை ஆறு மணிக்குப் பாவாடையை முட்டிக்கு மேல் செருகிக்கொண்டு, கணுக்கால் அளவு சிவப்புத் தண்ணீரில், நாற்பது பெண்கள். முதலாளி விருந்தாளிகளை அழைத்து வந்து எங்களைச் சுற்றிக் காட்டுவார். தேவாலயப் பெரியவர்களும் வந்தார்கள். அப்போது எந்த அண்ணனுக்கும் மானம் போகவில்லை. ஆண்கள் செய்கிற அதே வேலைக்கு எங்களுக்கு ஏன் பாதிக் கூலி என்று கேட்டதற்கு என்னை வெளியே தள்ளினார்கள். அன்றைக்கும் நீ தொட்டிக்கு அந்தப் பக்கம்தான் நின்றாய். வாயைத் திறக்கவில்லை.

அதே கால்தான் இது. இப்போது அது ஓடுகிறது. ஓடுவதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

விடமாட்டேன். வாசலைப் பூட்டுவதென்றால் பூட்டிக்கொள். ஆனால் அம்மா அந்தப் பக்கம் இருக்கிறாள், அது எனக்கு வலிக்கிறது. அதையும் தெரிந்துகொண்டு பூட்டு.

திங்கட்கிழமை இங்கேயே ஆடுகிறோம்.

எஃபி

பி.கு.: இரண்டு கோல் கொடுத்து அடித்தது. மூன்றாவது லிஸி வழுக்கி விழுந்ததால் வந்தது. குளிரவில்லை என்று அம்மாவிடம் சொல்.

---

கிளாஸ்கோ,
17 மே

அண்ணா,

செய்தித்தாளைப் பார்த்து அம்மா பயப்படுவாள் என்பதால் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். தோளில் ஒரு வீக்கம், தலையில் முடி கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான்.

நேற்று ஐயாயிரம் பேர். முதல் பாதியில் காது கூசும்படி கத்தினார்கள், பழகிவிட்டது. இரண்டாம் பாதியில் நூறு பேர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார்கள், அப்புறம் எல்லோரும். சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நாங்கள் குதிரை வண்டிக்கு ஓடினோம். வேலிக் கம்புகளைப் பிடுங்கி வண்டி மேல் எறிந்தார்கள். வண்டிக்குள் ஸ்காட்லாந்து மடியில் இங்கிலாந்து, இங்கிலாந்து மடியில் ஸ்காட்லாந்து. லிஸி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், "உங்க ஊர் ஆம்பளைங்க நல்லா ஓடுறாங்கடி. அவங்களையே டீம்ல சேர்த்திருக்கலாமே." அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

பக்கத்துக்கு ஒரு நடுவர் உண்டல்லவா, எங்கள் பக்கத்து நடுவர், தப்பு நடந்தால் தூக்கிக் காட்ட வேண்டிய கைக்குட்டையைப் போட்டுவிட்டு மதில் ஏறிக் குதித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்கப்புறம் ஆளைக் காணவில்லை.

நீ வரவில்லை. நல்லதாயிற்று.

எஃபி

---

ரென்டன்,
20 மே

அன்புள்ள எஃபி,

நான் வந்திருந்தேன்.

அம்மாவிடம் குழுக் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டு, டாமும் இன்னும் ஆறு பேரும் நானும் ரயிலேறி வந்தோம். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றோம். உன்னைப் பார்த்துச் சிரிப்பதற்காகத்தான் வந்தேன். நீ இடது ஓரத்தில் பந்தோடு வந்து, இரண்டு பேரை இழுத்துக்கொண்டு, பந்தை நடுவில் தள்ளினாயே, அப்போது என் வாயிலிருந்து "அப்படித்தான்டி" என்று வந்துவிட்டது. டாம் திரும்பிப் பார்த்தான்.

கயிறு விழுந்தபோது நம் ஆட்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். உன்னைக் காப்பாற்ற ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் முதல் பத்தடி எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லோரும் ஓடினார்கள், கால் போனது. பிறகு டாம் கையில் வேலிக் கம்பைப் பார்த்தேன். "உன் தங்கச்சி எந்த வண்டிலடா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவன் மூக்கு உடைந்தது. என் விரலும்தான்.

குழுக் கூட்டம் இப்போதுதான் உண்மையிலேயே நடந்தது. ஒரு சர்க்கஸுக்காகச் சொந்தக் குழு ஆளையே அடித்தவன் என்று அடுத்த பருவம் முழுக்க என்னை நீக்கிவிட்டார்கள். கம்பு எறிந்தவனுக்கு எல்லோரும் அனுதாபம் சொன்னார்கள். மார்ச் ஆட்டமும் போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விரலைப் பார்த்தாள்.

"யாரைடா அடிச்ச?"

"டாமை."

முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கஞ்சியைக் கிண்டினாள்.

"அவ இந்த வாசலை மிதிக்கக் கூடாதுன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"இந்த அடுப்பு யாரோடது?"

"உன்னோடது."

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை, எஃபி. நீ எப்போது வேண்டுமானாலும் வா. ஆட்டத்தை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை.

அடுத்து இங்கிலாந்துக்கே போய் பிளாக்பர்னில் ஆடுகிறீர்களாமே. நானும் தொட்டியடியில் வேலை செய்கிற நான்கு பேரும் தடியோடு வந்து கயிற்றோரம் நிற்கிறோம். எவன் தாண்டுகிறான் பார்ப்போம்.

சாண்டி

---

கிளாஸ்கோ,
24 மே

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த முதல் பத்தடியை நீ மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. எழுதினாய். அதனால்தான் மீதியை நம்புகிறேன்.

மார்ச் ஆட்டம் போனதற்கு வருத்தப்படுகிறேன். நிஜமாகவே. உன் அளவுக்குப் பந்தைக் கொடுக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பதினொரு பேரில் யாரும் இல்லை.

ஆனால் தடி வேண்டாம். கயிற்றோரம் தடியோடு அண்ணன்மார் நின்றால் நாங்கள் ஆடுவது ஆட்டமாக இருக்காது, காவல் போட்டு மாடு மேய்க்கிற மாதிரி இருக்கும். எங்களைப் பாதுகாக்க ஆள் தேவையில்லை. ஆட்டம் தெரிந்த ஆள்தான் தேவை.

மதில் ஏறிக் குதித்த எங்கள் நடுவர் இன்னும் திரும்பி வரவில்லை, அந்த இடம் காலி. மேலாளரிடம் உன்னைச் சொன்னேன். "உங்க அண்ணனுக்குக் கால்பந்து தெரியுமாம்மா?" என்றார். "அது ஒண்ணுதாங்க தெரியும்" என்றேன். சம்மதித்துவிட்டார். கறுப்புக் கோட்டைத் துலக்கிப் போட்டுக்கொண்டு வா. மதில் ஏறாமல் இருந்தால் போதும். இங்கிலாந்துக்கு எதிராக, ஸ்காட்லாந்துப் பக்கம் நிற்கப் போகிறாய். சட்டை நீலம் இல்லை, அது ஒன்றுதான் குறை.

டாம் கேட்டால் இதையும் சொல்.

ஆட்டம் முடிந்து உன்னோடு வீட்டுக்கு வருகிறேன். அம்மாவிடம் சொல்.

உன்,
எஃபி

---

ரென்டன்,
27 மே

அன்புள்ள எஃபி,

வருகிறேன். கோட்டு டாமிடம் கேட்க முடியாது, யூவிங் வீட்டில் வாங்கிவிட்டேன். தோளில் பிடிக்கிறது, பரவாயில்லை. அம்மா உனக்காகப் படுக்கையை வெயிலில் போட்டிருக்கிறாள், நீ வர இன்னும் எத்தனை நாள் என்று யோசிக்காமல்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் களத்தில் என்னோடு சண்டைக்கு வராதே. கிளாஸ்கோவில் பார்த்தேன். பந்து உன் பக்கம் வருவதற்கு முன்பே எதிரணிக் கோலடியில் போய் நின்றுகொள்கிறாய். அது ஆஃப்சைடு, விதிப்படி தப்பு. அந்த மதில் ஏறியவன் மூன்று தடவை கண்ணை மூடிக்கொண்டான். நான் ஸ்காட்லாந்துப் பக்கத்து நடுவர்தான், உன் அண்ணன்தான். ஆனாலும் நீ அங்கே நின்றால், இங்கிலாந்துப் பக்கத்து நடுவர் கேட்பதற்கு முன்னால் நானே கைக்குட்டையைத் தூக்கிவிடுவேன்.

அண்ணன்,
சாண்டி