"தேவையில்லை" என்று எழுதிய கட்டம்

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும். நானும் நலம் என்று அடுத்த வரியை எழுதி முடித்த பிறகுதான் இந்தக் கடிதம் அதைச் சொல்வதற்காக அல்ல என்பது நினைவுக்கு வந்தது. தாளைக் கிழித்தேன். இரண்டாவது தாளிலும் கை அதையே எழுதிற்று. இது மூன்றாவது தாள், இதில் நலம் என்ற சொல்லை உங்கள் இருவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ "எப்படிம்மா இருக்கீங்க" என்று கேட்டதும் எனக்கென்ன குறைச்சல் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, ஆறு மாதமாக ஞாயிறுதோறும் இதுதான் நடக்கிறது. ஆகவே உட்கார்ந்து படி. கையில் சூடாக ஏதாவது இருந்தால் கீழே வைத்துவிடு.

எனக்குக் கல்லீரலில் புற்றுநோய். எழுதிவிட்டேன், பார்த்தாயா, கையெழுத்துகூடக் கோணவில்லை. ஒரே கட்டி, இரண்டே முக்கால் சென்டிமீட்டர். கல்லீரல் பல வருடங்களாகவே தழும்பேறிச் சுருங்கிக்கொண்டிருந்ததாம், அதன் மேல் இது முளைத்திருக்கிறது. மாற்றுக் கல்லீரல் வைத்தால் இரண்டு தொல்லையும் ஒன்றாக ஒழியும் என்கிறார் மருத்துவர். ஒரு சொட்டு மது தொட்டதில்லை நான் என்று அவர் கேட்காமலே மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை வாயைத் திறந்தபோது, இது கொழுப்பாலும் வரும் அம்மா, யாரும் உங்களைக் குற்றம் சொல்லவில்லை என்றார். எனக்குக் கொழுப்பு என்று ஒரு மருத்துவர் வாயால் கேட்க உன் அப்பாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

மாற்றுக் கல்லீரலுக்குப் பட்டியல் இருக்கிறது. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்று நினைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். முப்பத்தொரு வருடம் பதிவு அலுவலகத்தில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வரிசையைக் காத்தவளுக்கு வேறு என்ன தோன்றும். இங்கே முறை வேறு. ரத்தத்தில் நான்கு பரிசோதனை செய்து, கணக்குப் போட்டு, ஆறிலிருந்து நாற்பது வரை ஒரு மதிப்பெண் தருகிறார்கள். அதிகம் வாங்கியவர் சீக்கிரம் சாகக் கூடியவர், அவருக்கே முன்னிடம். என் மதிப்பெண் பதினொன்று. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பத்து வருடம் முதல் மாணவியாக இருந்தவள் நாற்பதுக்குப் பதினொன்று. அது நல்ல செய்தி என்று நர்ஸ் விளக்கியும் என் முகம் தேறவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு லாரி ஓட்டுநர், கண் இரண்டும் மஞ்சள், அவர் இருபத்தொன்பது வாங்கியிருந்தார். என்னுடையதைக் கேட்டுவிட்டு, "பதினொண்ணா? அப்ப ஸ்டியரிங் எனக்கு, நீங்க கிளீனர் சீட்டுதாம்மா" என்றார். அன்றிலிருந்து எனக்கு அங்கே அதுதான் பெயர்.

ஆனால் ரத்தம் நன்றாக இருக்கும்போதே கட்டி வளர்ந்துவிடலாம், அதுதான் என்னைப் போன்றவர்களின் சங்கடம். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினாலோ ரத்தக் குழாய்க்குள் புகுந்தாலோ பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள், புதுக் கல்லீரலிலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால். அதற்காகப் புற்றுநோய்க்காரர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். அதுவும் உடனே கிடையாது. கட்டி வேகமாக ஓடுகிற ஜாதியா, அடங்கியிருக்கிற ஜாதியா என்று ஆறு மாதம் பார்த்த பிறகு ஒரு குழு கூடி முடிவு செய்யும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் தர மாட்டார்கள். எங்கள் பள்ளியின் பெரிய சிஸ்டர் அளவுகோலோடு வாசலில் நின்று பாவாடை நீளத்தை அளப்பார், முழங்காலுக்கு மேலே ஏறவும் கூடாது, கணுக்காலைத் தொடவும் கூடாது. என் கட்டி அவரிடம்கூடத் தேறியிருக்கும். அதற்கு ரத்தம் போகும் குழாயில் மருந்து விட்டு அடைத்தார்கள், இரண்டு முறை ஸ்கேன் எடுத்தார்கள், இரண்டிலும் அது அடங்கி ஒடுங்கி இருக்கிறது. என் வீட்டில் வளர்ந்ததல்லவா. வரிசையில் ஒருவரையும் முன்னே விடாத நான் கூடுதல் மதிப்பெண்ணுக்குக் கை நீட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் நீட்டிவிட்டேன். உயிர் மேல் எனக்கு இவ்வளவு ஆசை இருப்பது எனக்கே தெரியாது.

இனி என் சாமர்த்தியத்தைக் கேள். முதல் நாளே நான்கு பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். மற்றவர்கள் முழங்கால் மேல் வைத்துக் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள், நான் மேசை கேட்டு வாங்கி, ஒரு அடித்தல் இல்லாமல் முத்து முத்தாக எழுதினேன். அறுவைக்குப் பின் மூன்று மாதம் உடனிருந்து கவனிப்பவர் பெயர், கையொப்பம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் "தேவையில்லை" என்று எழுதி அடியில் ஒரு கோடும் இழுத்தேன். அதற்குப் பிறகு மூன்று முறை கேட்டார்கள், ஆள் வருவார் என்று மூன்று முறையும் சொல்லிவைத்தேன். இரண்டு வாரம் முன்பு பட்டியல் வேலையைப் பார்க்கும் பெண் என்னை உட்காரவைத்தாள். என் பெயர் ஆறு மாதமாகப் பட்டியலில் இருக்கிறதாம், ஆனால் நிறுத்திவைத்த பெயராக. நாள் ஓடும், கல்லீரல் வந்தால் கூப்பிட மாட்டார்கள். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி குழு கூடும்போதும் என் காகிதம் அவர்கள் மேசைக்குப் போகாது. "அம்மா, ஒரு கட்டம் காலியா இருந்தாலும் ஃபைல் நகராது" என்றாள். காலியாக இல்லையே, எழுதியிருக்கிறேனே என்றேன். "எழுதியிருக்கீங்க. ஆனா அது பேர் இல்லையேம்மா."

அந்தக் குரல் எனக்குத் தெரியும், அது என் குரல். மனைவியின் இறப்புச் சான்றிதழுக்கு வந்த ஒரு பெரியவரை, அவளுடைய தகப்பன் பெயர் இல்லை என்று, இரண்டு பேருந்து மாறித் திரும்பிப் போகவைத்திருக்கிறேன். அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்த விதம் இப்போது ஞாபகம் வருகிறது, அப்போது அடுத்தவர் என்று கூப்பிட்டுவிட்டேன்.

கூலிக்கு ஒரு நர்ஸை வைத்துக்கொள்கிறேன் என்று அந்தப் பட்டியல் பெண்ணிடம் சொன்னேன், கூடவே குடும்பத்து ஆளோ தெரிந்தவரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றாள். கீழ்வீட்டுத் தையல்காரியிடம் கேட்கலாம் என்றால், என் பால்கனித் தண்ணீர் அவள் துணியில் சொட்டியதாக நடந்த வழக்கில் நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்க மறுப்பை அவள் இன்னும் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். லாரிக்காரர் மட்டும் தாராளமாக, என் வீட்டுக்காரி பேரைப் போட்டுக்குங்க, ஒரே டிரிப்பில் ரெண்டு லோடு ஏத்திடுவா என்றார். மறுநாளே அவருக்குக் கல்லீரல் கிடைத்துவிட்டது. வார்டுக்கு மாற்றிய பிறகு போய்ப் பார்த்தேன். மாத்திரை நேரங்களை அந்த அம்மாள் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி மடியில் வைத்திருந்தாள், அதில் கால்வாசிக்கு மேல் எழுத்துப்பிழை, ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை. அவர் வலியில் அவளைத் திட்டிக்கொண்டே அவள் முந்தானையை விடாமல் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் படிவம் என்ன ஆயிற்று என்று கேட்டார். பையன் தூரத்தில் இருக்கிறான், அவனுக்கு ஆயிரம் வேலை என்றேன். "அத அவன் சொல்லட்டும்மா. நீங்களே அவன் பேசறதையும் சேர்த்துப் பேசினா எப்படி?" என்றார்.

வீடு வரும் வழியில் என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். உன் அப்பா படுத்திருந்தபோதும் நான் இதைத்தான் செய்தேன். அப்பா நன்றாக இருக்கிறார், தேர்வை முடித்துவிட்டு வா என்று உனக்கும் சேர்த்து நானே முடிவெடுத்தேன். நீ வந்தபோது பேச அவர் இல்லை. நீ அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கவனிக்க நான் ஒருத்தியே போதும் என்று நிரூபித்துவிட்டேன் அல்லவா, அந்தப் பெருமையில் அவரோடு நீ இருந்திருக்கக்கூடிய கடைசிப் பத்து நாளை எடுத்துக்கொண்டேன்.

அதனால் இந்த முறை கேட்கிறேன். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை, வாக்கியம் சரியாக வராவிட்டால் பொறுத்துக்கொள். நீ வர வேண்டும். கூப்பிடும்போது வந்து மூன்று மாதம் என்னோடு இருக்க வேண்டும், நான் எனக்கென்ன குறைச்சல் என்று மருத்துவரிடம் சொல்லும்போதெல்லாம் "இல்லை, அம்மா பொய் சொல்கிறார்" என்று சொல்ல வேண்டும். உன் கல்லீரலில் பாதியைத் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே, உன் ரத்தப் பிரிவு அப்பாவுடையது, எனக்குச் சேராது. வேலையை விட்டுவிடாதே, விடுப்பு கேள். மருமகளிடம் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துக் காட்டு, எனக்குக் கொழுப்பு என்ற பகுதியையும் சேர்த்து. அவளும் நீயும் பேசி, முடியாது என்றால் முடியாது என்று எழுது, நான் தாங்குவேன். கட்டத்தை மட்டும் காலியாக அனுப்பாதே.

இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் தூக்கத்தோடும் இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. இந்தக் கொழுப்பு குடும்பத்தில் தொடர்ந்தும் வருமாம், உன் ரத்தத்தையும் ஒரு முறை பரிசோதித்துவிடு. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், மூன்றாம் பக்கம், என் எழுத்தை வெள்ளை மையால் அழித்திருக்கிறார்கள், கோடு மட்டும் மங்கலாகத் தெரியும், அதன் மேலேயே எழுது. பதினெட்டாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். நீ விடுதியிலிருந்து எழுதிய கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பினேன், ஏழாவது கடிதத்தோடு நீ எழுதுவதை நிறுத்திவிட்டாய். இதை எப்படி வேண்டுமானாலும் எழுது. எழுத்து கோணினாலும், கட்டத்துக்கு வெளியே போனாலும், அடித்து எழுதினாலும் பரவாயில்லை. திருத்த மாட்டேன்.

இப்படிக்கு,
கிளீனர் சீட்டில் காத்திருக்கும்
உன் அம்மா