சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை

1957 ஜூலை, செவ்வாய் இரவு. நாயுடுபுரம்.

இன்று அம்மாவை அடக்கம் செய்தோம். விடாத சாரல். ஆலயத்துக்குள் எங்கள் புராட்டஸ்டண்ட் சபைப் போதகரான ஐயர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். தங்கை எஸ்தர் வாசலுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றாள். கத்தோலிக்கரைக் கல்யாணம் செய்து அந்தச் சபைக்குப் போனவள். எழுந்துபோய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்டேன்.

"உங்க ஆராதனையில கலந்துக்கக் கூடாதுன்னு எங்க சாமியார் சொல்லிட்டாருண்ணே. நீங்க உள்ள போங்க. அம்மா தனியாக் கெடக்காங்க."

அவள் சாமியாரும் நல்லவர், எங்கள் ஐயரும் நல்லவர். யாரோடு போய்ச் சண்டை போடுவது?

இரண்டு சபைக் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவில் நெஞ்சளவு சுவர். அவள் தன் சபைத் தோட்டத்தின் பக்கமே நின்றாள். நாங்கள் கர்த்தருடைய ஜெபம் சொன்னபோது அவள் உதடும் அசைந்தது. எங்கள் ஜெபத்தின் கடைசி வரி அவர்களுக்குக் கிடையாது. அந்த இடம் வந்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த வரியைச் சின்ன வயதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான்.

எல்லாரும் மண் போட்டோம். அவளும் அங்கிருந்து ஒரு பிடி அள்ளி வீசினாள். அது குழிக்கு எட்டவில்லை. என் தோளில் விழுந்து அப்பிக்கொண்டது. அதை எடுத்துக் குழியில் போட அப்போது எனக்குத் தோன்றவில்லை. மூடிவிட்டு வந்துவிட்டோம்.

இப்போது என் மனைவி சொல்கிறாள், "ஏங்க, கோட்டெல்லாம் மண்ணு. வெளிய தட்டிட்டு வாங்க."

ஆண்டவரே, இதை நான் எங்கே போய்த் தட்டுவது?