மழை வந்தால் பிள்ளைகளை எங்கே வைப்பார்கள்?

டீச்சர்,

நேற்று நம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை திறந்தார்கள். அங்கேயே அச்சடித்த தாளை வாசலில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். சூடு ஆறாத தாள். அந்த மை வாசம் மூக்கில் ஏறியதும் பதுளையில் நானாவின் இன்டர்நெட் கடையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சுவரில் உங்கள் படம், மாலை போட்டு. சிரிக்கிறீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

சனிக்கிழமைகளில் நான் சந்தைக்குப் போவேன், நீங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய தாள்களோடு வருவீர்கள். பள்ளிக்கூடத்தில் கரண்ட் இருந்தது, இன்டர்நெட் இல்லை. அதனால் நானா கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நீங்களே தட்டி வலைப்பூவில் ஏற்றுவீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன்.

"பூவுங்குறீங்க, ஒரு வாசத்தையும் காணோமே டீச்சர்?"

"உங்களுக்கு எப்பவும் பகிடிதான் அக்கா. பொறுங்கோ, ஆராவது வாசிச்சுப்போட்டுக் கேள்வி கேப்பினம். அதுதான் வாசம்."

கேட்டார்கள். என் மகள் கோமதி அதுவரை 'நான் ஒரு பேனா பேசுகிறேன்' என்று மனப்பாடம் பண்ணி எழுதிக்கொண்டிருந்தவள். "நீ பேனான்னா வீட்டுல பாத்திரம் கழுவுறது யாருடி?" என்று நான் கிண்டல் பண்ணுவேன். வலைப்பூவிலும் முதலில் 'எங்கள் தேயிலைத் தோட்டம் மிகவும் அழகானது. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்றுதான் எழுதினாள். கனடாவில் இருந்து யாரோ, அம்மா வேலைக்குப் போனால் தம்பியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியைக் கடையிலேயே அச்சடித்து வந்து திங்கட்கிழமை வகுப்புச் சுவரில் ஒட்டினீர்கள். மணி அடிக்கும் முன்னேயே பிள்ளைகள் சுவரடியில் முண்டியடித்தார்கள்.

கோமதி பிள்ளைக்காம்பராவைப் பற்றி எழுதினாள். நாங்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அறை, கூரையெல்லாம் ஓட்டை. அடுத்த வாரம் இன்னொரு கேள்வி வந்தது: மழை வந்தால் பிள்ளைகளை எங்கே வைப்பார்கள்?

அடுப்படியில் வந்து என்னிடம் கேட்டாள். "புள்ளைங்கள பாத்துக்குற ஆயா மேசைக்கடியில தள்ளி வெப்பாங்க. இடம் பத்தாட்டி ரெண்ட மடியில போட்டுக்குவாங்க" என்றேன். சொன்னபடியே எழுதினாள். என் வாயில் வந்த பேச்சு கடல் தாண்டிப் போனது. அன்றைக்கு பஸ்ஸில் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த என் கெப்பரை நீங்கள்தான் பார்த்தீர்களே!

அதை யாரோ அச்சடித்துத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் காட்டிவிட்டார்கள். துரை அதிபரைக் கூப்பிட்டார். அதிபர் உங்களைக் கூப்பிட்டார். என்னை யாருமே கூப்பிடவில்லை. சனிக்கிழமை நானா கடையில் நீங்கள் ஒரு தாளையும் பிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் எதையோ தட்டினீர்கள், எழுந்துவிட்டீர்கள். தோட்டத்துக்குத் திரும்புகிற ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறின பிறகுதான் வாயைத் திறந்தீர்கள்.

"அழிச்சுப்போட்டன் அக்கா. எல்லாத்தையும்."

"யார கேட்டு?"

"உங்களுக்கு வேலை இல்லையெண்டு துரை சொன்னால் என்ன செய்வியள்? கோமதிக்கும் ஒண்டும் வரக்கூடாது."

"அத நாங்கல்ல சொல்லணும்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். சாவு வீட்டில்கூட வாய் மூடாதவள் நான். தோட்டம் வந்ததும் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனேன்.

எங்கள் மேல் இருந்த பாசத்தில்தான் செய்தீர்கள். தெரியும். அதனால்தான் கோபம் கூடுகிறது. யார் எதைக் கேட்டாலும் பார்த்ததைச் சொல்லு என்று பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தவர், எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? பயப்படுவதா வேண்டாமா என்று நாங்களே முடிவு பண்ணியிருக்க மாட்டோமா? அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனீர்கள். அங்கேயே காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று செய்தி வந்தது. சண்டையை முடிக்காமல் போவது என்ன பழக்கம் டீச்சர்?

நேற்று அதே அதிபர் மைக்கைப் பிடித்து, "அன்றைக்கே வலைப்பூ வைத்துப் பாடம் நடத்தியவர்" என்று உங்களைப் புகழ்ந்தார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"சார், அந்தப் பூவ கொஞ்சம் காட்டுங்க. அதான் இத்தன கம்ப்யூட்டர் வெச்சிருக்கீங்களே!"

சனம் சிரித்தது. அவர் முகத்தைத் துடைத்தார்.

"அது... இப்ப இல்லம்மா."

"யாரு சார் பறிச்சது? பறிக்கிறது எங்க வேல. நாங்க பறிக்கலையே."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. மாலைக்குள்ளே நீங்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களையும் சேர்த்துத்தான் கேட்டேன்.

என் சின்னவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அந்த மேசைக்கடியில் இப்போது வேறு வீட்டுப் பிள்ளைகள். மழை பெய்கிற காலையில் எல்லாம் வேலை பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை என் பெயரைக் கூப்பிட்டு எந்த மலையில் பறிப்பது என்று சொல்லும்போது, "மழ வந்தா புள்ளைங்கள எங்கங்க வெப்பீங்க?" என்று கேட்பேன். இந்தப் பொம்பளைக்கு வேறு வேலையில்லை என்று அவர் சிரிப்பார்.

இன்றைக்கும் மழை. என் பெயரைக் கூப்பிட்டார், கேட்டேன். நேற்று நடந்ததெல்லாம் அவர் காதுக்கும் போயிருக்கும் போல. சிரிக்கவில்லை. குனிந்துகொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அவளும் அதையே கேட்டாள்.