ஃபைனல் முடிந்த பிறகு

என் தங்க மகளுக்கு,

ஃபைனல் முடிந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுக்க வேண்டும் என்று லொறிக்கார ஜெயசீலனிடம் மாதா பெயரில் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவர்மேல் கோபப்படாதே. டவர் விழுந்ததால் போன் வேலை செய்யவில்லை. "எல்லாரும் பத்திரம்" என்று நேற்று உனக்குச் சொல்லியனுப்பியதும் நான்தான்.

விடாத மழையில் மண் சரியும் என்று மேட்டு லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொன்னதும் கிளப் டென்னிஸ் கோர்ட்டுக்கு வந்துவிட்டோம். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் சமதரை அது ஒன்றுதானே. எட்டு வயதில், டென்னிஸ் ஆட வந்த தொரைமாருக்கு நீ வெறுங்காலோடு பந்து பொறுக்கிய இடத்தில் இப்போது பதினொரு கூடாரம். நெட் கம்பத்தில் ஈரத்துணி தொங்குகிறது. "சாம்பியனோட அம்மாவுக்கு நடு எடத்த குடுங்க" என்று எனக்கு நடுவில் இடம் தந்தார்கள்.

சாப்பாடு வருகிறது. என் கால்வலி பரவாயில்லை.

அப்பாவும் எங்களோடுதான் இறங்கி வந்தார். பாதி வழியில் நின்றார். "பிள்ளையோட கப்பெல்லாம் அங்கயே இருக்கு. அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்" என்றார். ரத்தினபுரியில் நீ வாங்கிய முதல் கப்பிலிருந்து மூன்று நேஷனல் கப் வரைக்கும் லயத்து வீட்டில்தான் இருந்தன. நான் தடுக்கவில்லை. "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னேன். மேடு சரிந்தது அதற்குப் பிறகுதான்.

அது செவ்வாய்க்கிழமை. இன்று வெள்ளி. காலையில் ஆமிக்காரர்கள் மண்ணுக்குள்ளிருந்து ஒரு கப்பை எடுத்து வந்து தந்தார்கள். அதன் பிடியில் அப்பாவின் தலைத்துண்டு கட்டியிருந்தது.

நீ ஜெயித்திருப்பாய். ஃபைனலில் வாங்கிய கப்பை அங்கேயே யாரிடமாவது கொடுத்துவிட்டு வா. இங்கே மண் அள்ளக் கை போதவில்லை.

உன் அம்மா