அலை எடுத்துப் போன சப்பாத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம், முக்கியமாக அப்பாவிடம். இந்த வீட்டில் ஜீவராணி அன்ரி போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைக்க விடுவார். அதனால் இரவில் படிப்பதுபோல் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

வெள்ளவத்தையில் நம் மலையைப்போலப் பனிமூட்டமே கிடையாது. இரவிலும் சுவர் சூடாக இருக்கிறது. காய்ந்த துணியிலும் உப்புப் பிசுபிசுப்பு போவதில்லை. ரயில் பாதையைத் தாண்டினால் கடல். ரயில் இரைந்து போனாலும் காகங்கள் அசைவதில்லை.

இன்று வகுப்பு முடிந்து, என்னோடு படிக்கும் அகீலாவோடு அங்கே போனேன். நம் ஆற்றில் செய்வதுபோல, தண்ணீர் வற்றியிருந்த கல்லில் சப்பாத்துகளைக் கழற்றி வைத்தேன். அலை வந்து ஒன்றைக் கொண்டுபோய்விட்டது.

"இது ஒங்கட ஊரு ஆறு இல்லடி புவனா, போன தண்ணி திரும்பி வரும்" என்று அகீலா சிரித்தாள். எனக்குக் கணுக்கால் மட்டுந்தான் நனைந்தது. பயப்படாதீர்கள்.

ஆனால் கடல் பக்கம் போனால் படிப்பை நிறுத்திக் கூட்டி வந்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அன்ரிக்குத் தெரிந்தால் அன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுவார். அக்காவின் பழைய வெள்ளைச் சப்பாத்தை ஞாயிற்றுக்கிழமை வேலுசாமி மாமாவின் வேனில் அனுப்புங்கள். உங்கள் கம்பளிச் சால்வையையும் அனுப்புங்கள். இங்கே குளிரில்லை, சும்மா பக்கத்தில் வைத்திருக்கத்தான்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அன்ரி. "முழிப்போ பிள்ளை? தோய்க்க மெஷின் போடப் போறன், சப்பாத்து ரெண்டையும் தா."