பத்து வருஷம் கூட்டி எழுதியவள்

காலையில் கடையைத் திறந்து லேமினேஷன் மெஷினைப் போட்டால், அது சூடேறும்போது ஒரு வாசனை வரும். தினமும் மூக்கில் ஏறுகிற வாசனைதான். இன்று அது உன்னைக் கொண்டுவந்து எதிரே நிறுத்திவிட்டது. நகரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இதே கடையில்தான் உன் பாஸ்போர்ட் நகலை லேமினேட் பண்ணிக் கொடுத்தேன். சூடு ஆறும் முன்பே அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாய்.

நாம் ஏழாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. நீ அதோடு நின்றாய், நான் படித்து முடித்து இங்கே மனு எழுத உட்கார்ந்தேன். கட்டினவன் உன்னையும் மூன்று வயது மகளையும் விட்டுவிட்டுப் போனபின், குவைத்தில் வீட்டு வேலை இருக்கிறது என்று ஒரு ஏஜென்ட் வந்தார். முப்பது முடியாத பெண்ணை அந்த வேலைக்கு அனுப்ப சர்க்கார் விடாது. நமக்கோ இருபத்துமூன்று. அவர் சொன்னபடி உன் பிறந்த வருஷத்தைப் பத்து வருஷம் முன்னால் தள்ளி மனுவில் எழுதியது நான்தான். தோதாக ஒரு சான்றிதழை அவரே வாங்கி வந்தார்.

"பத்து வருஷத்த ஒரே நிமிஷத்துல துன்னுட்டியேடி" என்று என் முதுகில் தட்டினாய். "போவட்டும், திரும்பி வந்து அந்தப் பத்தயும் சேத்து வாழ்ந்துக்கினு போறேன்."

அந்த வாரம் முழுக்க உனக்கு முப்பத்துமூன்று வயதாகப் பழக்கினேன். தலையில் பூ கிடையாது, இறுக்கிய கொண்டை, உன் அம்மாவின் சாயம்போன புடவை. கொஞ்சம் நிதானமாக நட என்றால், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுபது வயதுக் கிழவியாக நடந்து காட்டினாய். வயிறு வலிக்கச் சிரித்தோம். மெட்ராஸில் காகிதம் பார்த்த அதிகாரி உன் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாராம். எங்கள் வீட்டில் யாருக்குமே வயது தெரியாது சார் என்று சொல்லித் தப்பித்ததை நீ எத்தனை தடவை பெருமையடித்துக்கொண்டாய்!

அங்கே போனபின் வெள்ளிக்கிழமைதோறும் போன் பண்ணுவாய். டிவியில் ரூபாய் விழுந்துவிட்டது என்று முகம் சுளித்துச் செய்தி வாசிக்கும் நாட்களில் உனக்குக் கொண்டாட்டம். அதே தினார், இந்த மாதம் ஊரில் கூடுதலாக வரும் என்பாய். நாடே கவலைப்பட, நம் தெருவில் நாலு வீடு சந்தோஷப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் நம் தேசம்தான் முதல் என்று இப்போதும் பேப்பரில் பெருமையாகப் போடுகிறார்கள். படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. யார் எந்த வயதில் போய் அனுப்பியது என்று அதில் ஒரு வரிகூட இருக்காது.

ஐந்தாவது வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது என்றாய். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "எனக்கு இன்னா முப்பத்தெட்டு ஆவுது இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றாய். நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மூன்றாவது வாரம் செய்தி வந்தது. உன் உடல் வந்த பெட்டியை வாங்க, மெட்ராஸ் விமான நிலையச் சரக்குப் பகுதிக்கு உன் அம்மாவோடு நான்தான் போனேன். காகிதத்தில் உன் பெயர், கீழே முப்பத்தெட்டு வயது, மாரடைப்பு. இருபத்தெட்டு என்று இருந்திருந்தால், இந்த வயதில் நெஞ்சு ஏன் நின்றது என்று யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்த்திருப்பார். முப்பத்தெட்டு என்றதும் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். கவுண்டரில் இருந்தவர் வயதை வாசித்து, சரியா என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தார். வித்தியாசம் சொன்னால் பெட்டியைத் தரமாட்டார்களோ என்ற பயத்தில், சரிதான் சார் என்றேன். உன்னைப் போலவே எனக்கும் அன்று இருபத்தெட்டு வயது.

ஊரில் வைத்த அஞ்சலி பேனரிலும் அந்தப் பொய்த் தேதியைத்தான் போட்டோம். உன் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்திலும் அதுதான் இருக்கிறது. போன வருஷம் உன் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பின் உன் உண்மையான வயது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

உன் மகளுக்கு இப்போது இருபது. திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் கடைசி வருஷம் படிக்கிறாள். படித்து முடித்ததும் வெளிநாடு போக வேண்டும் என்று, இன்று மத்தியானம் பாஸ்போர்ட்டுக்கு மனு போட வந்தாள். உன்னைப் போலவேதான் நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்கிறாள். வகுப்பில் குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று எழுதச் சொன்னார்களாம். அம்மா, முப்பத்தெட்டு, இருதயம் என்று எழுதினாளாம். அந்த முப்பத்தெட்டை அவள் வாயால் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனு, ஏஜென்ட், மூச்சு வாங்கியது, சரக்குப் பகுதியில் நான் சொன்ன பதில், ஒன்றையும் விடவில்லை.

அவள் அழவில்லை.

"இருபத்தெட்டுன்னு தெரிஞ்சிருந்தா யாராவது கேட்டிருப்பாங்களே, சித்தி" என்றாள்.

கேட்டிருப்பார்கள் என்றேன்.

"கீபோர்டை இந்தப் பக்கம் திருப்புங்க. நானே அடிச்சிக்கிறேன்."

திருப்பி வைத்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய பிறந்த தேதியை அடித்த விரல்கள் மடியில் சும்மா கிடந்தன. அவள் தன் தேதியை ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். அடித்து முடித்தபின், சரியா என்று என்னைக் கேட்கவில்லை.