மெழுகுவத்தி இருந்தது உண்மைதான்

என் வீட்டு நர்ஸம்மாவுக்கு,

உன் குஷன் கடைக்காரன் எழுதுவது. நானும் மகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காலுறை போடாமல் தரையில் நடக்காதே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நாம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், கடைசியில் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறார். இந்தத் தடவை வைத்தது நீ. கூட்டத்தில் மகள் எழுந்து பேசினாள், உன் பேச்சும் வந்தது என்பதுவரைதான் கேட்டாய். மீதியையும் கேள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அவளுக்கு இந்த வருஷம் பாடத்தில் ஒரு நாடகம். அந்தக் காலத்தில் ஏதோ ஓர் ஊரில் சில பெண்பிள்ளைகள் திடீர் திடீரென்று கத்தி விழுகிறார்கள். யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்புகிறது. பிள்ளைகள் யாரைக் கை காட்டினாலும் பிடித்து விசாரிக்கிறார்கள். செய்தேன் என்று பொய்யாக ஒப்புக்கொண்டால் உயிர் பிழைக்கலாம். செய்யவில்லை என்று நின்றால் தூக்கு. சாப்பிடும்போது அவள் கதை சொல்லச் சொல்ல நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். "ஊர்ல ஒருத்தனுக்குக்கூடவா மூளை இல்ல?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் இருந்துச்சுப்பா, பயந்துட்டாங்க" என்றாள்.

இதை நடத்துகிற டீச்சரை நீ பார்த்ததில்லை. நீ போன பிறகு வந்தவர். தனியாகக் குடியிருக்கிறார். சிரித்தால் வாசல்வரை கேட்கும். பாடத்தை எழுதிப் போட்டு ஒப்பிக்கச் சொல்ல மாட்டார். ஆளுக்கொரு வேஷம் கொடுத்துப் படிக்க வைப்பார். நம்மவள் நீதிபதி. வீட்டிலும் ஒரு வாரம் எனக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு விசாரணைக் காட்சி. வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் ஜன்னல்களைச் சாத்தியிருக்கிறார்கள். கரண்ட் போய்விட்டது. டீச்சர் மேஜைமேல் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, மேலே படியுங்கள் என்றிருக்கிறார். உள்ளே ஒரே புழுக்கம். நாடகத்தில் கத்த வேண்டிய இடம் வந்ததும் ஒரு பெண் வீறிட்டுக் கத்தினாள். காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்த இன்னொருத்தி அப்படியே சரிந்தாள். தூக்கப் போனவளும் விழுந்தாள். அப்புறம் வரிசையாக விழுந்தார்கள். பக்கத்து வகுப்பில்கூட இரண்டு பேர். நம் மகளும்தான்.

பள்ளியிலிருந்து போன் வந்தபோது நான் ஒரு சோபாவுக்கு ரெக்ஸின் அடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டேப்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். காவலாளி அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார். ஒருத்திக்கும் ஒன்றுமில்லை, புழுக்கமும் பயமும்தான் என்று டாக்டர் சொன்னார்.

டாக்டர் சொன்னதை யார் கேட்டார்கள்? மறுநாள் பள்ளி வாசலில், "மெழுகுவத்தி ஏத்தி வெச்சு என்னமோ சொல்ல வெச்சாளாமே" என்று ஒரு அம்மா ஆரம்பித்தார். சாயங்காலம் அந்தப் பேச்சு என் கடைக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து மந்திரம் ஓதியதாக ஆகியிருந்தது. தனியாக இருக்கும் பெண்பிள்ளை, புருஷன் இல்லை, போகிற வருகிற இடம் தெரியாது என்று அதோடு கோத்துவிட்டார்கள். பெற்றோர் சங்கத் தலைவர், என்னிடம் கார் சீட் தைக்கக் கொடுத்திருந்த அந்த வெள்ளைக் கார்க்காரர், டீச்சரை வெளியேற்றினால்தான் பிள்ளைகளை அனுப்புவோம் என்று நின்றார்.

தலைமையாசிரியை பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு விசாரித்தார். மகள் கடையில் ஸ்பாஞ்சுக் கட்டின்மேல் உட்கார்ந்து அதைச் சொன்னாள். "மெழுகுவத்தி இருந்துச்சான்னு கேட்டாங்க, ஆமான்னேன். உங்களைச் சொல்ல வெச்சாங்களான்னாங்க, ஆமான்னேன். அதுல பேய் பிசாசெல்லாம் வருதான்னாங்க, ஆமான்னேன். எல்லாமே உண்மைதாம்பா. மொத்தமா எழுதிப் படிச்சுக் காட்டினப்போ வேற எதுவோ ஆயிருந்துச்சு." டீச்சரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் முடிவு செய்வதாகப் பேச்சு.

அதன் பிறகு மகள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னடி என்று கேட்டால் எரிந்து விழுந்தாள். ஒரு மத்தியானம் தானாகவே சொன்னாள்: "எல்லாரும் விழுந்தாங்க, நானும் விழுந்தேன். நெசமா விழுந்தேனா, சும்மா விழுந்தேனான்னு எனக்கே தெரியலப்பா." கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன் என்றாள்.

வாயை மூடிக்கொண்டு பரீட்சையை எழுதச் சொல்லுங்கள் என்று கூட்டத்துக்கு முன்னால் நீ போனில் சொன்னாய் அல்லவா, நானும் அதையேதான் சொன்னேன். நமக்கு எதுக்கு வம்பு, ஏற்கெனவே பட்டது போதாதா என்றேன். அவள் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா வார்டுல அன்னிக்கு எத்தனை பேர் இருந்தாங்கப்பா?"

 அவள் சின்னப் பிள்ளை, ஒன்றும் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். நோயாளி செத்ததும் உன் தலையில் கட்டினார்களே, அந்த ஊசியை நீ போடவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போட்டது யாரென்று பார்த்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதும் தெரிந்திருக்கிறது. நல்ல வேலை கிடைத்து அம்மா போயிருக்கிறாள் என்று நாம் சொன்னதை அவள் ஒருநாளும் நம்பவில்லை. "ஒருத்தர் பேசியிருந்தா அம்மா இங்கயே இருந்திருப்பாங்க இல்ல?" என்றாள். இதற்குப் பிறகும் அவளைத் தடுக்க நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீயே சொல்.

கூட்டத்துக்கு மண்டபம் நிறைய ஆட்கள். தலைவர் பேசி முடிக்கும் முன்பே இவள் எழுந்துவிட்டாள். "சின்னப் பொண்ணு, உக்காரும்மா" என்றார். உட்காரவில்லை.  "நான் பயந்து விழுந்தேன். டீச்சர் எங்களை ஒண்ணும் பண்ணல. கரண்ட் போனதாலதான் மெழுகுவத்தி. நாங்க சொன்னதெல்லாம் பாடப் புத்தகத்துல இருக்கு, யார் வேணும்னாலும் படிச்சுப் பாருங்க" என்று தெளிவாகச் சொன்னாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல். நீ எதற்குப் பயந்தாயோ அதுவே. "ஊசி போட்டு ஆளைக் கொன்னவ பொண்ணுதானே இது?"

எனக்கே தெரியாமல் நான் எழுந்து நின்றிருந்தேன்.  அவள் முந்திக்கொண்டாள். திரும்பி நின்று, "எங்கம்மா போடல. அன்னிக்கும் யாரும் விசாரிக்கல, ஆளாளுக்குப் பேசினீங்க" என்றாள். கத்தவில்லை, அழவுமில்லை.

 முதலில் மயங்கி விழுந்த பெண்ணின் தாய் மெல்ல எழுந்தார். "எம் பொண்ணு அன்னிக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடலைங்க. இவ்வளவு நாள் சொல்லாம இருந்துட்டேன்" என்றார். பிறகு இரண்டு பிள்ளைகள் எழுந்தார்கள். ஒருத்தியின் கையை அவள் அப்பா பிடித்து இழுத்தார். அவளும் உட்காரவில்லை.

டீச்சர் திரும்ப வந்துவிட்டார். எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். வகுப்பில் பாதி இடம் காலி. மகளோடு பள்ளிக்கு நடந்து வந்துகொண்டிருந்த இரண்டு பேர் இப்போது அவளைக் கண்டால் எதிர்ப் பக்கமாகப் போகிறார்கள். தலைவர் கடைக்கு வந்து, பிரித்துப் போட்டிருந்த சீட்டுகளை அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஓட்டுகிற சீட்டுக்கு உறையே இல்லை, வெறும் ஸ்பிரிங். வீடு போய்ச் சேருவதற்குள் எங்கெங்கே குத்தியதோ தெரியவில்லை. அதை நினைத்து நானும் மகளும் சிரித்தோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் சிரித்தது அன்றுதான். நாடகத்தையும் படித்து முடித்துவிட்டார்களாம். 

உன் விஷயத்தைச் சபையில் இழுத்துவிட்டதற்கு நீ கோபமாக இருக்கிறாய் என்று அவள் நினைக்கிறாள். போன் அடித்தால் என்னை எடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். உனக்கு அது கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்து அந்தப் பேச்சு மறுபடி உன் காதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அவளுக்கு அதை நான் சொன்னால் போதாது. நீதான் சொல்ல வேண்டும். திட்ட வேண்டும் என்றாலும் திட்டு, ஆனால் பேசு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன தடவை இருட்டிய பிறகு வருகிற வண்டியில் வந்து, விடிவதற்கு முன் கிளம்புகிற வண்டியில் போனாய். தெருவில் ஒருவரும் உன்னைப் பார்க்கவில்லை. அதைப் பற்றி நான் கேட்கவும் இல்லை. இந்த விடுமுறைக்கு வரும்போது பகல் வண்டியிலேயே வா. நாங்கள் இரண்டு பேரும் நிறுத்தத்துக்கு வருகிறோம். மூன்று பேரும் நடந்தே வீட்டுக்கு வருவோம்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லாத

உன் வீட்டுக்காரன்